கண்ணாடியிலிருந்து இருக்கைக்கு

தர்மபுரி மாவட்டத்து அதியமான்கோட்டையில் இரண்டு பெருஞ்சாலைகள் சந்திக்கின்றன. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்த ஊரை ஒட்டிப் போகிறது. பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் வழியாகக் கர்நாடகத்தின் நேரலூர் வரை செல்லும் 844ஆம் எண் சாலை இங்கிருந்துதான் கிளம்புகிறது. காலபைரவர் கோயிலுக்கும் அதியமான் கோட்டத்துக்கும் வருபவர்கள் பகலில் வந்து திரும்பிவிடுவார்கள். இரவும் பகலும் ஓயாமல் ஊரைக் கடப்பவை லாரிகள். அந்த லாரி ஒவ்வொன்றின் முன்கண்ணாடிக்குக் கீழேயும் கைக்கு அடக்கமான ஒரு மோட்டார் இருக்கிறது. மழை வந்தால் மட்டும் ஓட்டுநருக்கு நினைவுக்கு வரும் வைப்பர் மோட்டார். அது லாரியை விட்டு இறங்கிய பிறகு வாழும் வாழ்க்கைதான் இங்கே சொல்லப்போவது.

வைப்பருக்கு முதலில் மோட்டார் கிடையாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் 1903இல் காப்புரிமை பெற்ற வைப்பரை உள்ளே உட்கார்ந்தபடி கைப்பிடியால்தான் இயக்க வேண்டும். மின்மோட்டார் பின்னால் வந்தது. நம் பக்கத்தில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம், சென்னை பாடியில் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர்களோடு வைப்பர் மோட்டாரையும் செய்து வருகிறது. காருக்கு 12 வோல்ட், லாரிக்கு 24 வோல்ட். வேகமாகச் சுற்றும் மோட்டாரின் தண்டு, உள்ளே ஒரு வார்ம் கியரைத் திருப்புகிறது. அதனால் வெளியே வரும் தண்டு நிமிடத்துக்கு 45 சுற்று, வேகம் கூட்டினால் 65 சுற்று என்ற அளவில் நிதானமாகவும் முரட்டுப் பலத்தோடும் சுற்றும். வார்ம் கியருக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. மோட்டார் தண்டைத் திருப்பலாம். வெளியிலிருந்து தண்டைத் திருப்பி மோட்டாரைச் சுற்றுவது மிகக் கடினம். மின்சாரம் நின்றால் தண்டு நின்ற இடத்திலேயே நிற்கும்.

தர்மபுரி மாவட்டத்தில் மழை குறைவு. இங்கே ஓடித் தேய்ந்த லாரியில் இன்ஜின் போயிருக்கும், கேபின் துருப்பிடித்திருக்கும், வைப்பர் மோட்டார் மட்டும் பாதி வேலைகூடப் பார்க்காமல் காயலான் கடைக்கு வந்து சேரும். அங்கே அதற்குச் செம்புக்கம்பியின் விலைதான். வாங்குபவர் வீட்டில் கார்ப்பந்தயம் ஓட்டுபவராக இருந்தால் அதன் கதை மாறிவிடுகிறது.

கணினித் திரைக்கு முன் ஸ்டியரிங்கும் பெடலும் வைத்துப் பந்தயம் ஓட்டுவது பலருக்கும் தெரிந்ததுதான். ஓட்டிப் பழகியவருக்கு ஒரு கட்டத்தில் ஒரு குறை தெரிய ஆரம்பிக்கும். பிரேக் மிதித்தால் உடம்பு முன்னால் போகவில்லை. வளைவில் திரும்பினால் தோள் சாயவில்லை. கண் ஒன்றைச் சொல்கிறது, முதுகு அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது. அந்தக் குறையைத் தீர்க்க இருக்கையையே அசைய வைக்கும் அமைப்புதான் மோஷன் பிளாட்பார்ம்.

விமானிகள் இந்தக் குறையை நூறாண்டுக்கு முன்பே உணர்ந்தார்கள். 1910 வாக்கில் பிரான்சில் அன்ட்வானெத் விமானத்துக்கு ஆள் பழக்க, பீப்பாயைப் பாதியாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, மேலே ஒருவரை உட்கார வைத்தார்கள். கீழே நிற்பவர்கள் கையால் ஆட்டினார்கள். மேலே இருப்பவர் நெம்புகோலை இழுத்துச் சமன் செய்யப் பழகினார். 1929இல் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில் எட்வின் லிங்க் அடுத்த படியை எடுத்துவைத்தார். அவருடைய அப்பாவுக்கு ஆர்கன் இசைக்கருவியும் தானியங்கிப் பியானோவும் செய்யும் தொழிற்சாலை. அந்த ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளையும் வால்வுகளையும் எடுத்து, ஒரு சிறிய விமானக் கூட்டின் அடியில் பொருத்தினார். கூடு சாய்ந்தது, நிமிர்ந்தது, திரும்பியது. தொடக்கத்தில் கேளிக்கைப் பூங்காக்கள்தான் அதை வாங்கின. 1934இல் தபால் விமானங்களை ஓட்டப் பணிக்கப்பட்ட ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்த பிறகே, அமெரிக்க ராணுவம் லிங்கைத் தேடி வந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்தக் கூட்டில் உட்கார்ந்து பழகிய விமானிகள் லட்சக்கணக்கானவர்கள்.

ஆறு கால்களின் மேல் நிற்கும் மேடை வந்த வழி இன்னும் விசித்திரமானது. அதை முதலில் கட்டியவர் எரிக் கஃப், டன்லப் டயர் நிறுவனத்தின் பொறியாளர். அவருக்கு வேண்டியிருந்தது டயரை எல்லாத் திசையிலும் அழுத்தி, சாய்த்து, முறுக்கிச் சோதிக்கும் ஒரு பொறி. 1954இல் அது பர்மிங்ஹாமில் ஓடத் தொடங்கியது. 1965இல் ஸ்டூவர்ட் என்பவர் விமானப் பயிற்சிக்கான மேடை பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். அதன் மீதான விவாதத்தில்தான் கஃபின் பொறியைப் பலரும் அறிந்துகொண்டார்கள். இருந்தும் மேடைக்கு ஸ்டூவர்ட்டின் பெயரே நிலைத்துவிட்டது. கஃபுக்கு அது நியாயமில்லை என்பது என் எண்ணம். அதே காலத்தில் அமெரிக்காவில் கிளாஸ் காப்பல், இவர்களை அறியாமலே அதே வடிவத்துக்கு வந்து, 1967இல் காப்புரிமை பெற்றார். இன்று விமானிகள் பயிற்சி பெறும் பெரிய சிமுலேட்டர்கள் நிற்பது அந்த ஆறு கால்களில்தான்.

பீப்பாய், ஆர்கன் துருத்தி, டயர் சோதிக்கும் பொறி. இந்த மேடை ஒவ்வொரு முறையும் வேறு வேலைக்கு இருந்த பொருளிலிருந்தே பிறந்திருக்கிறது. வைப்பர் மோட்டார் அந்த வம்சத்தில் நேராக வந்து சேர்கிறது. இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005இல் ஆர்டுயினோ பலகை பிறந்த பிறகு, மோட்டாருக்குக் கட்டளை கொடுக்கும் மூளை மலிவாகிவிட்டது. பந்தய விளையாட்டுகள் வண்டியின் வேகத்தையும் சாய்வையும் நொடிக்குப் பலமுறை எண்களாக வெளியே அனுப்பத் தொடங்கியிருந்தன. எண்ணைப் படிக்கக் கணினி, கட்டளை கொடுக்க ஆர்டுயினோ, வேலை செய்யப் பழைய வைப்பர் மோட்டார். உலகின் பல ஊர்களில் கார் கொட்டகைகளிலும் மொட்டை மாடி அறைகளிலும் இருக்கைகள் அசைய ஆரம்பித்தன.

தமிழ்நாட்டுக்கு இது தேவையா என்று கேட்பவர்கள் நம் பந்தயச் சரித்திரத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டியவர்கள் நாம். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்தது. கோவைக்கருகே செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரால் ஒரு தடம் இருக்கிறது. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரானார். 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயமே நடந்தது. ஆனால் தடத்தில் ஒருநாள் ஓட்டுவதற்கு ஆகும் டயர், எரிபொருள், வாடகைச் செலவை ஒரு லாரி மெக்கானிக்கின் மகன் எங்கே போய்ப் புரட்டுவான்? 2020 பொதுமுடக்கத்தில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர்களே வீட்டிலிருந்து சிமுலேட்டரில் போட்டி போட்டார்கள். அந்தக் கதவு அதியமான்கோட்டைப் பையனுக்கும் திறந்துதான் இருக்கிறது.

இனி, மோட்டார் இருக்கைக்கு அடியில் வந்து சேரும் விதம். எளிய அமைப்புக்கு இரண்டு மோட்டார் போதும். சதுரக் குழாயில் ஒரு சட்டம் வெல்டிங் வைக்க வேண்டும். நடுவில் ஒரு கம்பம், அதன் தலையில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட். அதன் மேல் பழைய கார் சீட். கிராஸ் முன்னும் பின்னும் சாயும், இடமும் வலமும் சாயும், திரும்ப மட்டும் விடாது. நமக்கு வேண்டியதும் அதுதான். லாரிப் பட்டறைகள் உள்ள ஊரில் இவை எதற்கும் வெளியூர் அலைய வேண்டியதில்லை. மின்னணுப் பலகைகளுக்கு மட்டும் பெங்களூரு எஸ்.பி. ரோடு அல்லது சென்னை ரிச்சி தெரு.

ஆள் உட்கார்ந்த நிலையில் மொத்த எடையும் கிராஸுக்கு நேர் மேலே சமநிலையில் நிற்க வேண்டும். இதில் பொறுமை காட்டாதவர்கள் பிறகு மோட்டாரைக் குறை சொல்வார்கள். சமநிலை சரியாக இருந்தால் மோட்டார் எடையைத் தூக்க வேண்டாம், அசைத்தால் போதும். மோட்டார் தண்டில் 5 செ.மீ. நீளக் கிராங்க், அதிலிருந்து ஒரு கம்பி சீட்டின் மூலைக்கு. நிமிடத்துக்கு 45 சுற்று என்றால் நொடிக்கு 270 பாகை. கிராங்க் மேலும் கீழும் 30 பாகை ஆடினால் சீட்டின் மூலை 5 செ.மீ. நகரும்; அதற்குக் கால் நொடிகூட ஆகாது.

மோட்டாரைப் புதிய வேலைக்குப் பழக்க, பழைய வேலையை மறக்கச் செய்ய வேண்டும். வைப்பரைக் கண்ணாடியின் அடியில் கொண்டுபோய் நிறுத்தும் பார்க் சுவிட்ச் உள்ளே இருக்கும். அந்த இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பல மோட்டார்களில் வெளிக்கூடே எர்த். வைப்பர் ஒரே திசையில் சுற்றுவதால் லாரியில் அது பிரச்சினையில்லை. இருக்கைக்கு மோட்டார் இருபுறமும் சுற்ற வேண்டும், அதனால் கூட்டிலிருந்து இணைப்பைப் பிரித்துத் தனி ஒயர் இழுக்க வேண்டும். தண்டின் முனையில் ஒரு பொட்டென்ஷியோமீட்டர் வைத்தால், தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை ஆர்டுயினோ அறியும். இருக்க வேண்டிய இடத்துக்கும் இருக்கிற இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு அது மோட்டாரை நகர்த்தும். அந்தச் சிறிய பொட்டென்ஷியோமீட்டரின் ஒயர் அறுந்தால் மோட்டாருக்குத் தன் இடம் தெரியாது. நிற்காமல் சுற்றி ஆளைத் தூக்கி எறியப் பார்க்கும். எனவே எல்லை சுவிட்சுகளும் கைக்கு எட்டும் சிவப்பு நிறுத்துப் பொத்தானும் முதலில் பொருத்தப்பட வேண்டும், அழகுவேலை எல்லாம் அதற்குப் பிறகு. வார்ம் கியர் மோட்டாரோடு நின்றுவிடாமல், பால் ஸ்க்ரூவும் சர்வோ மோட்டாரும் வைத்து நான்கு மூலைகளையும் தூக்கும் அமைப்புகளும் வீடுகளில் வந்துவிட்டன. அவை வேகமானவை, விலையும் அதிகம். கற்றுக்கொள்ள வைப்பர் மோட்டாரே சிறந்த வாத்தியார்.

இந்த இருக்கை எவ்வளவு உண்மையைத் தரும்? கிராஸிலிருந்து 40 செ.மீ. தள்ளிக் கம்பியைக் கோத்தால் சீட் மூன்றரைப் பாகை அளவுக்குச் சாயும். அந்தச் சாய்வில் உடம்பை முன்னே இழுக்கும் விசை, புவியீர்ப்பில் சுமார் பதினாறில் ஒரு பங்கு. சாதாரணக் காரை அழுத்தி நிறுத்தினாலே இதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் இழுக்கும். ஃபார்முலா ஒன் காரின் பிரேக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். மீதியைக் கண்ணும் காதும் நிரப்பிக்கொள்கின்றன. உள்காதுக்குச் சாய்வும் முடுக்கமும் ஒன்றுபோலவே தெரியும். இருக்கையைச் சட்டென்று ஓர் அசைவு அசைத்து, பிறகு உடம்பு கவனிக்காத வேகத்தில் மெல்லத் திரும்பக் கொண்டுவந்தால், மூளை வண்டி நகர்ந்ததாகவே நம்பும். பெரிய விமானச் சிமுலேட்டர்கள் செய்வதும் இதையேதான்.

ஆனால் ஓர் இடத்தில் இந்த எளிய இருக்கை ஏமாற்று வேலையே செய்யாமல் முழு உண்மையைச் சொல்லும். அந்த இடம் அதியமான்கோட்டைக்குத் தெற்கே, சேலம் போகும் வழியில், தொப்பூர் கணவாயில் இருக்கிறது.

தொப்பூர் இறக்கத்தில் நடக்கும் விபத்துகளை இந்த மாவட்டத்துக்காரர்களிடம் விளக்க வேண்டியதில்லை. 2020 டிசம்பரில் சிமெண்ட் ஏற்றிய லாரி வரிசையாகப் பல வண்டிகளில் மோதியது. 2024 ஜனவரியிலும் உயிர்கள் போயின. டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் போட்டு இறங்குவது முக்கியக் காரணங்களில் ஒன்றாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. இன்ஜின் பிடிக்காத வண்டியைப் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். பிரேக் சூடாகிப் பிடிமானம் இழக்கிறது.

இதில் உடம்பு செய்யும் துரோகம் ஒன்று இருக்கிறது. கியரில், ஒரே வேகத்தில் இறங்கும்போது ஓட்டுநரின் உடம்பு முன்னால் சரிவதை உணரும். இறக்கம் இறக்கமாகவே தெரியும். நியூட்ரலில் தடையின்றி உருளும் வண்டியில் அந்த உணர்வு மறைந்துவிடும். வண்டியும் ஓட்டுநரும் சரிவில் ஒன்றாக வேகம் கூடுவதால், உடம்பை முன்னே தள்ளும் விசை ஏறக்குறைய இல்லாமல் போகிறது. சமதளத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். வண்டி கைவிட்டுப் போகிற நேரத்தில் முதுகு நிம்மதியாக இருக்கிறது.

இப்படிப்பட்ட இறக்கத்தின் சில பாகைச் சாய்வு வைப்பர் மோட்டாரின் கைக்கு உள்ளேதான் அடங்குகிறது. திரையில் தொப்பூர் வளைவுகள், இருக்கையில் உண்மையான சரிவு. நியூட்ரலுக்கு மாற்றிய கணத்தில் இருக்கை நிமிர வேண்டும். அந்த நிமிர்வுதான் அபாயம் என்று ஒருமுறை முதுகில் கற்றவர் சாலையில் அதை மறக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

இதே மாவட்டத்தில், செட்டிக்கரையில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்கள் செயல்திட்டத்துக்குத் தலைப்பு தேடுகிறார்கள். காயலான் கடையில் மோட்டார்கள் இருக்கின்றன, நெடுஞ்சாலையில் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். பந்தயத்துக்காக இருக்கை செய்யும் இளைஞர்கள் தாராளமாகச் செய்யட்டும். அடுத்த இருக்கையைத் தொப்பூருக்காகச் செய்து, அதியமான்கோட்டைச் சாலையோரத்தில் லாரி நிற்கும் இடத்தில் கொண்டுவந்து வையுங்கள். முதல் ஆளாக உட்காரச் சொல்ல வேண்டியது ஓட்டுநரை அல்ல, சரக்கை ஏற்றி நேரம் குறித்து டீசல் கணக்குக் கேட்கும் முதலாளியை.