டாக்டரைப் பார்க்கப் போகிறீர்களா? கட்டணம் எங்கே கூடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்



ஜும்ஆ முடிந்து ஸலாம் சொல்ல வருகிறவர்களில் யாராவது ஒருவர் கொஞ்சம் ஒதுங்கி நிற்பார். “ஹஜ்ரத், உம்மாவுக்கு மூட்டு வலி. திருநெல்வேலியில காட்டணும். ஜமாஅத்துல ஏதாவது செய்ய முடியுமா?” நான் முதலில் கேட்பது, “அம்பை ஜி.ஹெச்.சில் காட்டினீர்களா?” என்பதுதான். பெரும்பாலும் பதில் வராது. கார் வாடகை, டாக்டர் பீஸ், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, மாத்திரை என்று ஏற்கெனவே கையைக் கடித்திருக்கும். அதற்காக ஒரு வளையலை வட்டிக்கு அடகு வைத்தவர்களும் உண்டு. மருந்து செய்யலாமா என்று கேட்ட கிராமத்து அரபிகளிடம், செய்யுங்கள் என்றுதான் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அதற்காக வட்டிக்குள் போய் விழ வேண்டியதில்லை.

அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டுக்கும் டாக்டர் பார்ப்பதற்கும் மருந்துக்கும் கட்டணம் கிடையாது. அந்த மருந்துகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி அனுப்புகிறது. 1994இல் தொடங்கிய கழகம் அது. ‘தர்ம ஆஸ்பத்திரி மாத்திரை’ என்று இளக்காரமாகப் பேசுவதை நிறுத்திக்கொள்ளலாம். அம்பாசமுத்திரத்தில் முடியாததை அங்குள்ள டாக்டரே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதித் தருவார். அந்தப் பரிந்துரைச் சீட்டோடு போனால் எந்தப் பிரிவு என்று அலைய வேண்டாம். காலையிலேயே போய்விட வேண்டும். செங்கோட்டை–திருநெல்வேலி ரயில் இருக்கும்போது கார் எதற்கு?

தனியார் கிளினிக்கில் முதல் முறை பார்ப்பது ஒரு கட்டணம். அதே நோய்க்கு மறுபடி காட்டுவது ‘ரிவியூ’. பல இடங்களில் குறிப்பிட்ட நாட்களுக்குள் ரிவியூவுக்குக் கட்டணம் இல்லை, அல்லது பாதி. எத்தனை நாள் என்று சீட்டு வாங்கும்போதே கேளுங்கள். ஒரு நாள் தவறினாலும் புதுச் சீட்டுதான். ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து வரும் ஸ்பெஷலிஸ்ட்டுக்குத் தனிக் கட்டணம் இருக்கும். இரவு அவசரப் பிரிவுக்கும் அப்படித்தான்.

உண்மையில் டாக்டர் பீஸ் சிறிய தொகை. பீஸ் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்னால் வரும் பரிசோதனையும் மருந்தும் 3,000 ஆகலாம். சிகிச்சை தொடங்குமுன்பே கட்டணத்தைச் சொல்லிவிட வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளில் இருக்கிறது. நம் ஃபிக்ஹும் இதைத்தான் சொல்கிறது: கூலி இன்னதென்று தெரியாத இஜாரா சரியான ஒப்பந்தம் ஆகாது. ஆகவே கேட்பது மரியாதைக் குறைவல்ல. “டாக்டர், இந்த ஸ்கேன் இன்றைக்கே அவசியமா? ஐகிரவுண்டில் எடுத்து வரலாமா?” என்று பணிவாகக் கேட்கலாம். அரசு மையங்களில் சி.டி. ஸ்கேனுக்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாய் என்ற அளவில்தான் வாங்குகிறார்கள்.

அடுத்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இதில்தான் நம் மக்கள் அதிகம் குழம்புகிறார்கள். அட்டை இருந்தால் டாக்டர் பீஸ் கட்ட வேண்டாம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சாதாரணக் காய்ச்சலுக்குக் கிளினிக்கில் காட்டுவதற்கு அது உதவாது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில், பட்டியலில் உள்ள அறுவை சிகிச்சைக்கும் உள்நோயாளிச் சிகிச்சைக்கும் ஓர் ஆண்டில் ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலக மையத்தில் பதிய வேண்டும். முன் அனுமதி பெற்ற பிறகே சிகிச்சை. பணத்தைக் கட்டிவிட்டுப் பின்னால் பில்லை நீட்டும் திட்டம் அல்ல இது. எனவே அட்மிஷன் போடுமுன் அங்குள்ள காப்பீட்டுத் திட்டக் கவுண்டரில் கேட்டுவிடுங்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993 என்ற இலவச எண் உண்டு.

ஏழை நோயாளிக்கு ஸகாத் தருவதில் தடையில்லை. ஆனால் அரசுத் திட்டம் கொடுக்கும் செலவுக்கு ஸகாத்தை எடுத்தால், திட்டத்தில் வராத டயாலிசிஸ் பயணச் செலவுக்கும் மாதாந்திர மருந்துக்கும் கை வறண்டுவிடுகிறது. ஜமாஅத் கடிதம் எழுதும் முன் காப்பீட்டு அட்டையைக் கேட்பது நல்லது என்பது என் கருத்து.

படுக்கையில் இருக்கும் வாப்பாமார்களுக்கு வேறு வழிகளும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. போனில் டாக்டரிடம் பேச இ-சஞ்சீவனி இலவசம். தனியார் டாக்டர் போனில் ஆலோசனை சொன்னால் கட்டணம் வாங்க அவருக்கு உரிமை உண்டு. அதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய சீட்டுகள், ரிப்போர்ட்டுகளை ஒரே பையில் வைத்து எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் அதே பரிசோதனைக்கு மறுபடி பணம் போகும். உள்நோயாளியாக இருந்த இடத்தில் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே 2002 விதிகளில் உண்டு.

சர்க்கரை நோயாளிகள் நோன்பு பற்றி என்னிடம் கேட்பதற்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டும். ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் இருக்கும்போதே, அதாவது ரஜப் மாதத்திலேயே ஒரு ரிவியூ போட்டு, ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாத்திரை, இன்சுலின் அளவை எழுதி வாங்கிவிடுங்கள். ஷஃபான் கடைசி வாரத்தில் போனால் அளவை மாற்றிச் சரிபார்க்க நாள் இருக்காது.