இலைக்குள் ஓர் இடப்பிரிப்பு: அடம்பன் வயலும் வங்காலை உவர்நிலமும்

மன்னார்ப் பெருநிலப்பரப்பில் உள்ள அடம்பன் வயல்கள் கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பியவை. அங்கே நெல்லும் வரம்போரத்து அறுகும் ஒரே வெயிலில், ஒரே மண்ணில் வளர்கின்றன. ஆனால் சிறுபோகத்தில் தண்ணீர் மட்டுப்பட்டு வெயில் ஏறினால் நெல் வாடும்; அறுகு அசையாது. வேரின் ஆழம், உரம் என்று இதற்குப் பல காரணங்கள் சொல்லலாம். அவற்றோடு சேர்த்து எண்ண வேண்டியது இலைக்குள் கலங்கள் அமைந்திருக்கும் ஒழுங்கு. ஒளித்தொகுப்பின் திறனை நொதியத்தைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது, அந்த நொதியம் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதும் அதே அளவு முக்கியம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் ருபிஸ்கோ நொதியம் ஒட்சிசனையும் பற்றிக்கொள்ளும். அப்போது தொடங்கும் ஒளிச்சுவாசத்தில், தாவரம் முன்பு சேர்த்த காபனில் ஒரு பங்கு மீண்டும் காற்றுக்கே போய்விடும். வெப்பநிலை 30 பாகை செல்சியசைத் தாண்டினால் இழப்புக் கூடும். வறட்சியில் இலைவாய்கள் ஒடுங்கினால் இன்னும் கூடும்.

நெல்லும் இதற்கு ஓரளவு அணை போட்டிருக்கிறது. நெல்லிலையின் குறுக்குவெட்டை நுணுக்குக்காட்டியில் பார்த்தால், இலைநடுவிழையக் கலங்களின் சுவர்கள் மடல் மடலாக நெளிந்திருக்கும். பச்சையவுருமணிகள் அந்தச் சுவரோரம் இடைவெளி விடாமல் ஒட்டி நிற்கும். இழைமணிகள் அவற்றுக்கு உட்புறமாக இருக்கும். இழைமணியில் வெளிப்படும் காபனீரொட்சைட்டு, பச்சையவுருமணி வேலியைக் கடந்துதான் வெளியேற வேண்டும்; அதில் ஒரு பகுதி வழியிலேயே மீண்டும் பிடிபடுகிறது. ஆனாலும் இது இழந்ததை மீட்கும் வழிதான். இழப்பையே தடுக்கும் வழி அறுகின் இலையில் இருக்கிறது.

அறுகில் நரம்புகள் நெருங்கி ஓடுகின்றன. ஒவ்வொரு நரம்பையும் பருத்த, பச்சையம் செறிந்த கட்டுமடற் கலங்கள் வளையமாகச் சூழ்கின்றன. வெளியே உள்ள இலைநடுவிழையத்தில் ஒட்சிசனை நாடாத வேறொரு நொதியம் காபனை நான்கு காபன் கொண்ட அமிலமாக்குகிறது. அந்த அமிலம் கட்டுமடலுக்குள் சென்று உடைந்து, அங்கு மட்டுமே இருக்கும் ருபிஸ்கோவைச் சுற்றிக் காபனீரொட்சைட்டைப் பன்மடங்கு செறிய வைக்கிறது. இந்த வளைய அமைப்பைத் தாவரவியலாளர் ஹாபர்லண்ட் 1884இலேயே விவரித்துவிட்டார். அதன் வேதியியலைக் கரும்பில் ஹட்சும் ஸ்லாக்கும் 1966இல் வெளியிட்டனர். இப்பாதை உள்ளவை சி4 தாவரங்கள். நெல் சி3 வகை. சி4 புல் இலைவாயைக் குறைவாகத் திறந்தே போதிய காபனைப் பெறுவதால், அதே அளவு உலர்பொருளை ஆக்க அதற்கு நெல்லைவிட மிகக் குறைந்த நீரே தேவை.

நரம்பைச் சுற்றிய வளையம் இல்லாமல் சி4 இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டலாமா? கூடாது. உவர்நில உமரி இனங்களே அதற்குச் சான்று. அவற்றில் ஒன்றான சுவேடா மொனோய்க்கா, வழக்கமான கட்டுமடல் இல்லாத சி4 தாவரம் என 1975இல் அறியப்பட்டது. அதன் சதைப்பற்றான இலையில் இரண்டு பசுங்கல அடுக்குகள் இலை முழுவதையும் உறைபோல் சுற்றுகின்றன. நரம்புகள் நடுவிலுள்ள நீர்சேமிப்பு இழையத்தில் தனியே கிடக்கின்றன. அதே பேரினத்தின் சுவேடா மரிட்டிமா சி3 வகை. இதே கூட்டத்தைச் சேர்ந்த மத்திய ஆசிய இனமொன்றோ, நீண்ட ஒற்றைக் கலத்தின் இரு முனைகளிலேயே இரண்டு வேலைகளையும் பிரித்துச் செய்கிறது என்பது 2001இல் தெரியவந்தது. ஆக, வளையம் ஒரு வடிவம் மட்டுமே. பிடிக்கும் இடமும் பயன்படுத்தும் இடமும் பிரிந்திருப்பதே அடிப்படை.

சி4 நெல்லை உருவாக்கும் பன்னாட்டு முயற்சிக்கு இதில் பாடம் உண்டு. சி4 நொதியங்களை நெல்லில் சேர்ப்பதால் மட்டும் பயன் விளையாது. நெல்லின் கட்டுமடலில் பச்சையவுருமணிகள் குறைவு, நரம்புகளும் விலகி நிற்கின்றன. சோளத்தின் மரபணுக்களைக் கொண்டு நெல்லின் கட்டுமடற் கலங்களில் பச்சையவுருமணிகளையும் இழைமணிகளையும் பெருக்க முடியும் என்று 2017இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் காட்டினர். அமைப்பிலிருந்து தொடங்கிய அந்த வரிசையே சரியானது.

சி4 பாதைக்குச் செலவும் உண்டு: ஒவ்வொரு காபனீரொட்சைட்டு மூலக்கூறுக்கும் மேலதிகமாக ஏறக்குறைய இரண்டு ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறுகள். மேகம் மூடிய காலபோகத்தில் அடம்பன் விவசாயிக்கு இப்பாதையால் பெரிய ஆதாயம் கிடைக்காது. வெயிலும் நீர்த்தட்டும் சேரும் சிறுபோகத்திலேயே அது பலன் தரும். எனவே இலங்கையின் வறள்வலயத்துக்கான நெல்லாய்வு, நரம்பிடைத் தூரத்தையும் கட்டுமடலின் பச்சையத்தையும் தெரிவுப் பண்புகளாக அளக்கத் தொடங்க வேண்டும். மன்னாரில், 2010இல் ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயம் பறவைகளுக்காகவே பேசப்படுகிறது. வளையமில்லாத சி4 வழியைக் காட்டியவை உவர்நிலத் தாவரங்களே என்பதால், அதன் உவர்நிலத் தாவரங்களின் இலையமைப்பும் முறையாகப் பதிவாக வேண்டும்.