கலைக்கும் அதிகாரமும் அதன் எல்லையும்: இலங்கையில் சனாதிபதி – பாராளுமன்ற உறவு

இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்கீழ் நிறைவேற்றுச் சனாதிபதியும் பாராளுமன்றமும் தனித்தனியே மக்களின் ஆணையைப் பெறுகின்றனர். ஆயின் பாராளுமன்ற உறுப்பினர் பொறுப்புக்கூற வேண்டியது வாக்காளருக்கா, சனாதிபதிக்கா என்னும் வினா அவ்வமைப்பின் தொடக்கம் முதலே நிலவி வருகின்றது. 1982, 2018 ஆகிய ஆண்டுகளின் நிகழ்வுகள் அதன் இரு முகங்களைக் காட்டுகின்றன.

1977ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐப் பெற்றது. 1982இல் சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன பொதுத் தேர்தலுக்குப் பதிலாக, அதே பாராளுமன்றத்தின் காலத்தை 6 ஆண்டுகள் நீடிக்கும் நான்காம் திருத்தத்தைச் சர்வசன வாக்கெடுப்புக்கு விட்டார். தம் கட்சி உறுப்பினர்களிடமிருந்து திகதியிடப்படாத பதவி விலகற் கடிதங்களையும் பெற்றுக்கொண்டார். எந்த உறுப்புரையும் வழங்காத அதிகாரத்தை இக்கடிதங்கள் அவருக்கு வழங்கின. பாராளுமன்றத்தைக் கலைக்காமலேயே அதன் உறுப்பினர்களைக் கட்டுப்படுத்த முடிந்தது.

2018இன் நெருக்கடி இதற்கு மாறானது. 2015இன் 19ஆம் திருத்தத்தின்படி, முதல் கூட்டத்திலிருந்து நான்கரை ஆண்டுகள் நிறைவுறும்வரை, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் தீர்மானமின்றிப் பாராளுமன்றத்தைக் கலைக்க இயலாது. அக்டோபர் 26 அன்று சனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதம அமைச்சர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி, மகிந்த ராஜபக்சவை நியமித்தார். 225 உறுப்பினர் கொண்ட அவையில் புதியவருக்கான பெரும்பான்மை மெய்ப்பிக்கப்படாத நிலையில், நவம்பர் 9 அன்று பாராளுமன்றம் கலைக்கப்பட்டது.

இதனை எதிர்த்து, அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் இரா. சம்பந்தன் உள்ளிட்டோர் உயர் நீதிமன்றில் அடிப்படை உரிமை மனுக்களைத் தாக்கல் செய்தனர். 33(2)(இ) உறுப்புரை கலைக்கும் அதிகாரத்தைத் தனித்து வழங்குகின்றது எனச் சட்டமா அதிபர் தரப்பு வாதிட்டது. டிசம்பர் 13 அன்று எழுவர் கொண்ட ஆயம் இவ்வாதத்தை ஒருமனதாக நிராகரித்தது. அவ்வதிகாரம் 70(1) உறுப்புரையின் வரையறைக்கு உட்பட்டதே எனவும், அதனை மீறிய பிரகடனம் சட்ட வலுவற்றது எனவும் தீர்த்தது. சனாதிபதியின் பதவிசார் செயல்களைச் சட்டமா அதிபருக்கு எதிரான அடிப்படை உரிமை மனுவினால் வினவும் வழியையும் அதே 19ஆம் திருத்தமே திறந்திருந்தது. எனவே வரம்பும் அதனைக் காக்கும் பரிகாரமும் ஒரே திருத்தத்தில் அமைந்தன.

தேர்தல் என்பது மக்களிடம் திரும்பிச் செல்வதாயின் அதில் தவறென்ன என்னும் எதிர்வாதம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின் தேர்தலின் காலத்தை ஒருவர் தம் வசதிக்கேற்பத் தீர்மானிக்கும்போது, உறுப்பினர் வாக்காளரைவிட அவரையே அஞ்ச நேர்கின்றது. 1982இல் தேர்தல் தவிர்க்கப்பட்டது; 2018இல் விரைவுபடுத்தப்பட்டது. இரண்டிலும் மக்களின் தீர்ப்புக்கான காலத்தை வகுக்க முனைந்தவர் சனாதிபதியே.

எனினும் நீதிமன்றம் காத்த வரம்பு நிலைபெறவில்லை. 2020இன் 20ஆம் திருத்தம் நான்கரை ஆண்டை இரண்டரை ஆண்டாகக் குறைத்தது. அத்திருத்தத்தை நிறைவேற்றியது பாராளுமன்றமே. ஆகவே சனாதிபதியின் அதிகாரத்துக்கு அரசியலமைப்பு வாசகமும் நீதிமன்றமும் எல்லை வகுக்கலாம். அவ்வெல்லையின் ஆயுளோ உறுப்பினர்களின் சுதந்திரத்தையே சார்ந்துள்ளது எனலாம்.