செஞ்சிக் கோட்டை - தேசிங்கு கதைக்கு அப்பால்

நம்ம ஊரிலிருந்து திண்டிவனம் பஸ் ஏறிய எல்லோருமே செஞ்சிக் கோட்டையைப் பார்த்திருப்போம். சாலையே கோட்டைக்கு நடுவேதான் போகிறது. ஆனால் மேலே ஏறிப் பார்த்த நண்பர்கள் எத்தனை பேர்?

கோட்டை என்றாலே நமக்குத் தேசிங்குராஜன்தான். ஆற்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்ட மறுத்து 1714-இல் களத்தில் மாண்ட அந்த இளைஞனின் வீரம் பெரிதுதான். ஆனால் கோட்டையின் பலம் தெரிய வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் பின்னே போகணும்.

1677-இல் சிவாஜி இதைக் கைப்பற்றினார். பின்னர் அவர் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது, ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர்கான் முற்றுகையிட்டார். 1690-இல் தொடங்கிய முற்றுகை 1698-இல்தான் முடிந்தது. ராஜாராமோ அதற்குள் தப்பிவிட்டார்!

எப்படித் தாங்கியது? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளையும் இணைத்து முக்கோணமாக மதில். ஏறக்குறைய 800 அடி உயர ராஜகிரியின் உச்சிக்கு முன்னால் ஆழமான பிளவு, அதன்மேல் மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரிக்கு வழியில்லை. உள்ளே நெற்களஞ்சியம், மலைமேல் சுனைகள், அடிவாரத்தில் குளங்கள். வாளைவிடச் சோறும் தண்ணீருமே கோட்டையைக் காத்தன என்பேன்.

2025-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றே. உலகம் மதித்துவிட்டது, சுவரில் பெயர் கிறுக்கும் நம்மவர்கள்தான் பாக்கி. முழங்கால் ஒத்துழைக்கும்போதே பேரப்பிள்ளைகளோடு ஒருமுறை போய் வாருங்கள், நண்பர்களே. கதையோடு கல்லையும் காட்டுங்கள்.