கின்சுவா நீர்த்தேக்கம்: யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்?

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், அலிகேனி ஆற்றுக்குக் குறுக்கே கின்சுவா என்றொரு அணைக்கட்டு நிற்கிறது. உயரம் 179 அடி. அதற்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் மலைகளுக்கு நடுவே வளைந்து போய், மாநில எல்லையைத் தாண்டி நியூயோர்க் மாநிலத்துக்குள்ளும் நுழைகிறது. நீளம் சுமார் 40 கிலோமீற்றர். சுற்றிவர அலிகேனி தேசிய வனம். கோடை வந்தால் சனம் குடும்பம் குடும்பமாக வந்து கூடாரம் அடிக்கும், படகு விடும், தூண்டில் போடும். மேலே ரிம்ரொக், ஜேக்ஸ் ரொக்ஸ் என்று இரண்டு பாறை முனைகள் இருக்கின்றன. அங்கே நின்று எடுத்த படங்களைப் பார்த்தால், ஒருக்கா போய் வரவேணும் என்று யாருக்கும் ஆசை வரும். அவ்வளவு வடிவான இடம்.

அந்தத் தண்ணீருக்கு அடியில் செனக்கா என்ற பூர்வகுடி மக்களின் வீட்டு வளவுகளும் வயல்களும் கிடக்கின்றன. அந்தக் காணியில் கை வைக்க மாட்டோம் என்று அமெரிக்க அரசு 1794இலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தது. பிறகு எப்படி அது தண்ணீருக்குள் போனது? இதைத்தான் நாங்கள் இங்கே கொஞ்சம் விபரமாகக் கதைக்கப் போகிறோம்.

முதலில் வெள்ளத்தின் கதை. அதை விட்டுவிட்டுக் கதைத்தால் நியாயமாக இருக்காது.

அலிகேனி ஆறும் மொனொங்கஹேலா ஆறும் சந்தித்து ஒஹையோ ஆறாக மாறுகிற இடத்தில்தான் பிட்ஸ்பேர்க் நகரம் இருக்கிறது. உருக்குத் தொழிலால் வளர்ந்த நகரம். 1936 மார்ச் 17, 18ஆம் திகதிகளில், உருகிய பனியும் பெருமழையும் ஒன்றாகச் சேர்ந்து ஆறுகள் பெருகின. அங்கே நீர்மட்டம் 25 அடியைத் தொட்டாலே வெள்ளம் என்று கணக்கு. அந்த முறை 46 அடிக்கு ஏறியது. நகரின் மையப்பகுதி மூழ்கியது, தொழிற்சாலைகள் நின்றன, பலர் இறந்தார்கள்.

அதே வருடம் அமெரிக்கக் காங்கிரஸ் வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. நாடு முழுக்க வெள்ளத்தைத் தடுப்பது மத்திய அரசின் பொறுப்பு, அந்த வேலையை இராணுவப் பொறியியல் படை செய்யும் என்று முடிவானது. அந்தச் சட்டத்தில் ஒரு அளவுகோலும் இருந்தது. ஒரு திட்டத்தால் வரும் நன்மை, யாருக்குப் போய்ச் சேர்ந்தாலும் சரி, செலவை விடக் கூடுதலாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அரசு அந்தத் திட்டத்தில் இறங்கலாம். 'யாருக்குப் போய்ச் சேர்ந்தாலும்' என்ற இடத்தைக் கவனியுங்கள். நன்மை ஒருவருக்கும் நட்டம் இன்னொருவருக்குமாகப் போனாலும் கூட்டிக் கழித்துப் பார்க்கும்போது கணக்கு சரிவந்துவிடும். பிட்ஸ்பேர்க்கைக் காப்பாற்றுவதற்கான நீர்த்தேக்கங்களின் பட்டியலில் கின்சுவாவும் சேர்ந்தது.

இப்ப செனக்காக்களின் பக்கம் போவோம். இரோகுவா கூட்டமைப்பு என்று சொல்லப்படுகிற ஆறு தேசங்களில் மேற்கு எல்லையில் இருந்தவர்கள் இவர்கள். அதனால் 'மேற்குக் கதவின் காவலர்' என்று இவர்களுக்கு ஒரு பெயரும் உண்டு. அமெரிக்க சுதந்திரப் போருக்குப் பிறகு, 1794 நவம்பர் 11ஆம் திகதி, கெனண்டேகுவா என்ற இடத்தில் ஆறு தேசங்களும் அமெரிக்க அரசும் ஒப்பந்தம் செய்தன. அப்போது ஜனாதிபதி ஜோர்ஜ் வொஷிங்டன். செனக்காக்களின் காணி செனக்காக்களுக்கே சொந்தம், அவர்களாக விற்க விரும்பும்வரை அமெரிக்கா அதற்கு உரிமை கோராது, அவர்களைக் குழப்பாது என்பது அதன் சாரம். ஒப்பந்தத்தின் இன்னொரு பிரிவுப்படி வருடா வருடம் கொடுக்க வேண்டிய பொருட்களுக்காக இன்றைக்கும் அமெரிக்க அரசு துணி அனுப்புகிறது. ஆகவே இது எப்போதோ காலாவதியாகிப்போன பழைய கடதாசி இல்லை.

அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தலைவர்களில் ஒருவர் கோர்ன்பிளான்ரர். பென்சில்வேனியா மாநிலம் அவருக்கு அலிகேனி ஆற்றோரமாகத் தனியாகவும் காணி வழங்கியிருந்தது. அவருடைய ஊரில்தான் 1799இல் அவரது சகோதரர் ஹான்ட்சம் லேக்குக்குத் தரிசனங்கள் கிடைத்தன. இன்றுவரை பின்பற்றப்படுகிற லோங்ஹவுஸ் சமயம் அவருடைய போதனையிலிருந்து வந்தது. 1836இல் இறந்த கோர்ன்பிளான்ரரை அங்கேயே அடக்கம் செய்தார்கள். 1866இல் மாநில அரசே அவருக்கு நினைவுக்கல்லும் வைத்தது. வெறும் ஆற்றங்கரைக் காணியாக அதை யாரும் நினைக்கவில்லை என்பதற்காக இவ்வளவையும் சொல்கிறோம்.

1950களில் அணை வேலை உண்மையிலேயே தொடங்கப் போகிறது என்றதும் செனக்காக்கள் சும்மா இருக்கவில்லை. ஆர்தர் மோர்கன் என்ற பொறியியலாளரைப் பிடித்தார்கள். டெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபையின் முதலாவது தலைவராக இருந்தவர் அவர். வெள்ளத் தண்ணீரைக் கொனவாங்கோ பள்ளத்தாக்குப் பக்கமாகத் திருப்பி ஈரி ஏரிக்குள் விடலாம், அப்படிச் செய்தால் செனக்காக்களின் காணியை மூழ்கடிக்கத் தேவையில்லை என்று அவர் மாற்றுத்திட்டம் கொடுத்தார். அதை ஆராய ஒரு தனியார் பொறியியல் நிறுவனத்தை அமர்த்தியது இராணுவப் பொறியியல் படைதான். மோர்கனின் திட்டத்துக்குச் செலவு கூட, காணியும் கூடத் தேவை, இடம்பெயர வேண்டிய ஆட்களும் கூட என்று அறிக்கை வந்தது. மோர்கன் அதை ஏற்கவில்லை. ஆனால் அறிக்கையின் எண்களைச் சரியென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி பாக்கி. மற்றப் பள்ளத்தாக்கில் இருந்தவர்களின் காணிக்கு ஜனாதிபதியின் பெயரால் எழுதிக் கொடுத்த வாக்குறுதி எதுவும் இருக்கவில்லை. செனக்காக்களிடம் இருந்தது. அந்த வாக்குறுதிக்கு என்ன விலை போடுவது? கணக்கில் அதற்கு ஒரு இடமே இருக்கவில்லை.

செனக்காக்கள் நீதிமன்றத்துக்கும் போனார்கள். அங்கே நடந்ததை வாசிக்கும்போதுதான் எங்களுக்கு அதிகம் கோபம் வந்தது. ஒப்பந்தத்தை மீறும் அதிகாரம் காங்கிரசுக்கு உண்டு, ஆனால் அந்த எண்ணம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது சட்ட நிலை. காங்கிரஸ் எப்போதாவது அந்த ஒப்பந்தத்தை மேசையில் வைத்து, இதை மீறுகிறோம் என்று தீர்மானம் எடுத்ததா? இல்லை. செனக்காக்களின் எதிர்ப்பைக் கேட்ட பிறகும் அணைக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறது, ஆகவே எண்ணம் தெளிவு என்று 1958இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நின்ற ஒப்பந்தத்தை ஒரு நிதி ஒதுக்கீட்டு வரி மூழ்கடித்தது.

கடைசி நம்பிக்கை ஜோன் எஃப். கென்னடி. 1960 தேர்தல் நேரத்தில், பூர்வகுடிகளின் சம்மதம் இல்லாமல் ஒப்பந்த உறவுகளில் மாற்றம் வராது என்று எழுத்தாளர் ஒலிவர் லா ஃபார்ஜுக்கு அவர் கடிதம் எழுதியிருந்தார். வென்று வந்த பிறகு, 1961 ஓகஸ்டில், அணையை நிறுத்த முடியாது என்று செனக்கா தேசத்தின் தலைவருக்குப் பதில் எழுதினார். லா ஃபார்ஜின் மகன் பீற்றர் ஒரு பாடகர். இந்த அணையைப் பற்றி அவர் எழுதிய பாட்டைத்தான் ஜொனி காஷ் 1964இல் தன் இசைத்தட்டில் பாடினார். அமெரிக்காவில் பலருக்குக் கின்சுவா என்ற பெயர் தெரிய வந்ததே அந்தப் பாட்டால்தான்.

1960இல் தொடங்கிய கட்டுமானம் 1965இல் முடிந்தது. நியூயோர்க் பக்கத்திலிருந்த அலிகேனி ஒதுக்கிடத்தில் சுமார் 10,000 ஏக்கர், அதாவது மூன்றில் ஒரு பங்கு, சுவீகரிக்கப்பட்டது. சுமார் 600 பேர் இடம்பெயர்ந்தார்கள். பென்சில்வேனியா பக்கத்தில் கோர்ன்பிளான்ரரின் காணியும் போனது. செனக்காக்கள் அல்லாதவர்கள் வாழ்ந்த கின்சுவா, கோரிடன் என்ற ஊர்களும் தண்ணீருக்குள் போயின. கோர்ன்பிளான்ரரின் எச்சங்களையும் நினைவுக்கல்லையும் மேட்டுக்கு மாற்றினார்கள். ஆட்கள் வெளியேறிய வீடுகளைக் கொளுத்தினார்கள். சிலர் தங்கள் வீடு எரிவதைக் கண்ணால் பார்த்தார்கள்.

சுமார் 150 இலட்சம் டொலர் நட்டஈட்டுச் சட்டம் 1964 ஓகஸ்ட் கடைசியில்தான் நிறைவேறியது. வெளியேறக் கொடுத்த கெடுவுக்கு அப்போது சில வாரங்களே பாக்கி. அந்தப் பணத்தால் நல்லதும் நடந்தது. ஜிமர்சன்ரவுண், ஸ்ரீம்பேர்க் என்ற இரண்டு இடங்களில் புதிய வீடுகள் வந்தன. இளம் ஆட்கள் படிக்கப் புலமைப்பரிசில் நிதியும் உருவானது. ஆனால் ஆற்றோரம் நீளத்துக்குப் பரந்து, தோட்டமும் மீனும் மூலிகையுமாக வாழ்ந்த சனம், நகரக் குடியிருப்பு மாதிரி நெருக்கமான வளவுகளுக்குள் வந்து சேர்ந்தது. வயதானவர்களுக்கு அது பெரிய அடி. அதே சட்டத்தில், செனக்கா தேசத்துக்கும் மத்திய அரசுக்கும் உள்ள உறவையே முடித்துவிடுவதற்கு ஒரு திட்டம் தயாரிக்க வேண்டும் என்றும் ஒரு பிரிவு இருந்தது. செனக்காக்கள் எதிர்த்து நின்றதால் அது நடக்கவில்லை.

அணை வேலை செய்ததா என்று கேட்டால், செய்தது. 1972இல் அக்னஸ் சூறாவளி மழை கொட்டியபோது கின்சுவா பெருந்தண்ணீரைப் பிடித்து வைத்து, கீழே ஆற்றோரத்துக்கு வரவிருந்த சேதத்தைக் குறைத்தது. வெள்ளத்துக்கான நீர்த்தேக்கம் எங்கட குளங்கள் மாதிரி எப்போதும் நிரம்பி நிற்கக் கூடாது. வருகிற வெள்ளத்துக்கு உள்ளே வெற்றிடம் வேணும். அதனால் குளிர்காலத்துக்கு முன்பே நீர்மட்டத்தை இறக்கிவிடுவார்கள். கோடையில் உயர்த்தி வைப்பார்கள், படகு விடுவதற்கும் அதுதான் தோது. தண்ணீர் இறங்கும்போது முதலில் வெளியே தெரிவது, ஆழம் குறைந்த மேல்முனை. அது செனக்காக்களின் பக்கம். கோடையில் ஏரியாகத் தெரிகிற இடம் பிறகு சேற்று வெளியாகக் கிடக்கும்.

பொழுதுபோக்கு என்பது தற்செயலாக வந்து சேர்ந்த விஷயமும் இல்லை. நீர்த்தேக்கக் கரைகளில் உல்லாச வசதிகள் அமைக்க 1944ஆம் ஆண்டுச் சட்டமே இராணுவப் பொறியியல் படைக்கு அதிகாரம் கொடுத்தது. வருகிற பயணிகளும் நன்மைக் கணக்கில் சேர்வார்கள். 1970இல் நீர்மின் நிலையமும் சேர்ந்தது. அந்த இலாபம் போனது தனியார் மின் நிறுவனங்களுக்கு. இப்படி நன்மைப் பக்கம் வருடா வருடம் நீண்டுகொண்டே போனது. நட்டப் பக்கத்தை 1964இல் ஒரு காசோலையோடு மூடிவிட்டார்கள்.

இதை எங்களுக்குத் தூரத்துக் கதை என்று தள்ளிவைக்க முடியாது. மோர்கன் தலைமை தாங்கிய அதே டெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபையை முன்மாதிரியாக வைத்துத்தான் 1949இல் இலங்கையில் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவானது. பட்டிப்பளை ஆற்றை மறித்து, இங்கினியாகலையில் அமெரிக்க நிறுவனமொன்று அணை கட்டியது. இன்றைக்கு சேனநாயக்க சமுத்திரத்தில் படகில் போய், தீவுக்குத் தீவு நீந்துகிற யானைகளைப் பார்க்கலாம். அந்தத் தண்ணீருக்கும் தேசியப் பூங்காவுக்கும் கீழே வேடர் சமூகத்தின் வேட்டைக் காடுகள் போயின என்பது பயண விளம்பரங்களில் கண்ணில் படுவதில்லை.

அணையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வெள்ளத்தில் நிற்கிற சனத்துக்கு அணை தேவை. அந்தத் தேவைக்காக யாருடைய காணி போகிறது, அவர்களிடம் கேட்டார்களா, அவர்கள் இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த 'இல்லை' செல்லுபடியாகியிருக்குமா என்பதுதான் எங்கட கேள்வி. கின்சுவாவில் செனக்காக்கள் இல்லை என்றுதான் சொன்னார்கள். சட்டத்தோடும் ஒப்பந்தத்தோடும் மாற்றுத்திட்டத்தோடும் சொன்னார்கள். அது செல்லவில்லை.

1984இலிருந்து ஒவ்வொரு செப்டெம்பரிலும் செனக்காக்கள் அந்த வெளியேற்றத்தை நினைத்து ஒன்றாக நடக்கிறார்கள். வீடு எரிந்ததைப் பார்த்தவர்களோடு, அதைக் கதையாக மட்டும் கேட்ட இளம் ஆட்களும் சேர்ந்து நடக்கிறார்கள். சேனநாயக்க சமுத்திரத்துக்கோ வேறொரு நீர்த்தேக்கத்துக்கோ சுற்றுலா போனால், படம் எடுங்கள், குளியுங்கள், சந்தோஷமாக இருங்கள். அதோடு அங்கே முன்பு யார் இருந்தார்கள் என்று அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் ஒருக்கா கேட்டுப் பாருங்கள்.