வீட்டிற்கு வந்த ஒலிச்சுருள்

கிராமபோன் இசைத்தட்டு பிறர் பதிவு செய்ததை நமக்குக் கேட்பிக்கும். நாம் பேசுவதைத் தன்னிடத்தே ஏற்றுக்கொள்ளாது. கேட்போரையே பதிவு செய்வோராகவும் ஆக்கியது, இரு சுருள்களுக்கிடையே ஓடும் காந்த நாடாவாகும். அது வீடுவரை வந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

1928ஆம் ஆண்டில், பிரிட்ஸ் புளொய்மர் என்பார் காகித நாடாவின்மேல் இரும்புத் துகளைப் பூசி, அதில் ஒலியைப் பதிக்கும் முறையை ஜேர்மனியிலே கண்டார். 1935இல் ஏ.ஈ.ஜி. நிறுவனத்தார் ‘மக்னெற்றோபோன்’ என்னும் கருவியைப் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வைத்தனர். தொடக்கத்தில் அதன் இரைச்சல் மிகுதி. 1940இல் வால்ட்டர் வெபர் என்னும் பொறியியலாளர், செவிக்கு எட்டாத உயர் அதிர்வு மின்னோட்டத்தைப் பதிவோடு கலந்தார். இரைச்சல் பெரிதும் அடங்கிற்று.

ஓசை வரும் திசையை நாம் உணர்வது இரு காதுகளாலன்றோ? ஒரே நாடாவில் இரு தடங்களை அருகருகே பதித்து, இரு ஒலிபெருக்கிகளாற் கேட்பதே ஸ்டீரியோ முறை. யுத்தகாலத்துப் பெர்லின் வானொலியில் இம்முறையிற் செய்யப்பட்ட பதிவுகளிற் சில எஞ்சியுள்ளன. கீசெக்கிங் பியானோ வாசித்த பீத்தோவன் இசைப்படைப்பொன்றில், அமைதியான இடங்களிலே விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் முழக்கமும் கேட்கின்றது.

யுத்தம் முடிந்தபின் இக்கலை அமெரிக்காவிற் பரவியது. 1954இல் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் வீட்டிற் கேட்பதற்கான ஸ்டீரியோ நாடாக்களை விற்பனைக்கு விட்டது. ஸ்டீரியோ இசைத்தட்டுக் கடைக்கு வந்ததோ அதற்குச் சில ஆண்டுகளின் பின்னரே. எனினும் நாடாவின் விலை அதிகம். 1950களின் இறுதியில், கால் அங்குல நாடாவிலே நான்கு தடங்களை அமைத்தனர். இரண்டு முன்னோக்கியும், மற்றிரண்டு சுருளைத் திருப்பியதும் ஒலிக்கும். செக்கனுக்கு 7.5 அங்குல வேகத்தில் 32 நிமிடம் ஓடிய 1,200 அடிச் சுருள், இவ்வாறு 64 நிமிட ஸ்டீரியோ இசையைத் தாங்கிற்று.

ஆயினும், வீட்டுக் கருவியின் பெரும்பயன் விலைக்கு வாங்கிய இசையன்று. வீட்டார் தாமே பதிந்தவையாகும். 1960களிலே பி.பி.சி. ஒளிபரப்பிய ‘டொக்டர் ஹூ’ நாடகத்தின் பல பகுதிகளை அந்நிறுவனம் பேணாது விட்டது. படம் மறைந்த பகுதிகளுக்கும் ஒலி மாத்திரம் எஞ்சியிருக்கின்றது. தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னே ஒலிவாங்கியை வைத்துப் பதிந்த இளம் இரசிகர்களே அதற்குக் காரணர்.

1963இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் சிறிய கசற் வந்தது. கையாள எளிதான அது, காலப்போக்கிற் பெருஞ்சுருளை வீடுகளிலிருந்து அகற்றிவிட்டது. எஞ்சிய நாடாக்களுக்கும் ஆயுள் உண்டு. குறிப்பாக, 1970களில் வந்த சில வகைகளின் பசை ஈரத்தை உறிஞ்சி, ஓடும்போது கருவியில் ஒட்டிக்கொள்ளும். அவற்றை அவசரப்பட்டு ஓடவிடலாகாது. அறிந்தோரிடம் காட்டிப் பிரதி எடுத்தல் வேண்டும். பழஞ்சுருள் ஒன்று உங்கள் வீட்டு அலுமாரியிற் கிடக்குமாயின், அதில் யாருடைய குரல் இருக்கிறதென்று அறியுமுன் எறிந்துவிடாதீர்கள்.