மூளையதிர்ச்சியும் களமீட்சியும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

அடிபட்ட வீரன் மீண்டும் களம் புகலாமா என்னும் வினா மிகப் பழமையானது. ஆயின், அவ்வினாவிற்கு விடை கூறும் உரிமை யாருடையது என்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் ஆராய்ச்சிப் பொருளாயிற்று. அதனைக் கூர்மையாக்கியது தலையிற் படும் அடியே. ஆதலின் விளையாட்டுக் காயங்கள் பலவற்றுள்ளும் மூளையதிர்ச்சி ஒன்றனையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

முதற்கண் வேறுவகைக் காயம் ஒன்றை நோக்குவோம். 2002 மே மாதம் ஆண்டிகுவாவில் நடந்த டெஸ்ட் ஆட்டத்தில், மட்டைபிடித்து நின்ற அனில் கும்ப்ளேயின் தாடையைப் பந்து முறித்தது. அவர் தலையைச் சுற்றிக் கட்டுடன் களத்திற்கு மீண்டு 14 ஓவர்கள் வீசினார். லாராவின் விக்கெட்டையும் வீழ்த்தினார். அதன் பின்னரே அறுவை மருத்துவத்திற்காகப் பெங்களூர் திரும்பினார். விழுப்புண்ணைப் பெருமையாகப் போற்றிய இலக்கியத்தைப் பயின்ற நமக்கு இம்மனநிலை புதிதன்று. அவர் துணிவைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமும் அன்று. தாடை முறிந்தவர் தம் முறிவைத் தாமே அறிவார்; நோவின் அளவையும் அறிவார்; அறிந்தே துணிகின்றார். மூளையில் அடிபட்டவர் நிலை அத்தகையது அன்று. அறிதற்குரிய கருவியே அங்கு ஊறுபட்டிருக்கின்றது. ‘நான் நலமாயிருக்கின்றேன்’ என்னும் தன்மைக் கூற்று, சான்றாகும் தகுதியை அவ்விடத்து இழந்துவிடுகின்றது.

இவ்வுண்மை எளிதில் ஏற்கப்படவில்லை. நினைவிழந்து வீழ்ந்தவனே அடிபட்டவன், எழுந்து நின்றவன் நலமுடையவன் என்பதே நெடுங்காலம் வழங்கிய அளவுகோல். அமெரிக்க மருத்துவர் இராபர்ட்டு காண்டு 1986-இல் வகுத்த தரப்பாகுபாடும் நினைவிழப்பின் கால அளவையும் மறதியின் கால அளவையுமே அடிப்படையாகக் கொண்டது. ரக்பி ஆட்டத்திலோ மூன்று வாரக் கட்டாய ஓய்வு என்னும் விதி 1970-களின் பிற்பகுதி முதல் நிலவிற்று. நல்லெண்ணத்தாற் பிறந்த அவ்விதியின் விளைவு நோக்கத்தக்கது. நோயின் பெயரைச் சொன்னால் மூன்று வாரம் ஆட்டக்காரரை இழக்க நேரும். ஆகவே அப்பெயரைச் சொல்லாமலே விடும் வழக்கம் அணிகளிடையே தலையெடுத்தது. கடுமையான விதி காயத்தைத் தடுப்பதற்கு மாறாக அதனை மறைக்கத் துணைசெய்தது எனல் மிகையாகாது.

அளவுகோல் மாறுதற்கு வழிகோலியவற்றுள் 1995-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று நம் கருத்தை மிகவும் ஈர்க்கின்றது. மேடக்சும் அவருடன் ஆய்ந்த இருவரும் ஆஸ்திரேலியக் காற்பந்தாட்டக்காரரிடையே வினாக்கள் சிலவற்றைக் கேட்டு ஒப்பிட்டனர். உன் பெயர் யாது, இன்று என்ன நாள் என்பன போன்ற மரபான வினாக்களுக்கு மூளையதிர்ச்சியுற்றோரும் பிழையின்றி விடை கூற வல்லராயிருந்தனர். நாம் எந்தத் திடலில் இருக்கின்றோம்? இஃது ஆட்டத்தின் எத்தனையாவது கால் பகுதி? இறுதியாக இலக்கடித்த அணி எது? சென்ற வாரம் நாம் எவ்வணியோடு ஆடினோம்? அதில் வென்றோமா? என்னும் வினாக்களிலேதான் அவர்கள் இடறினர். காரணம் வெளிப்படை. தன் பெயர் நெடுங்காலத்திற்கு முன்னரே நெஞ்சிற் பதிந்தது. அதனை ஓர் அடி எளிதில் அழிப்பதில்லை. அண்மையில் நிகழ்ந்ததைப் பற்றிக்கொள்ளும் ஆற்றலே முதலிற் குலைகின்றது. கருவி ஏதுமின்றி, ஆட்டத்தைப் பற்றிய பேச்சினாலேயே ஆட்டக்காரரின் மூளையைச் சோதிக்கும் இம்முறை, பின்னர்ப் பல விளையாட்டுக்களின் களச் சோதனைகளில் இடம்பெற்றது.

இதற்கிடையில், முதல் அடி ஆறுமுன் இரண்டாம் அடி பட்டால் மூளை வீங்கி உயிர்க்கு இறுதி நேரலாம் என்னும் கருத்தை 1984-இல் அமெரிக்க மருத்துவர் இருவர் எழுதினர். அதன் சான்றுகள் போதா என்று பின்வந்தோர் சிலர் மறுத்தனர். விவாதம் எவ்வாறாயினும், அவ்வச்சம் விதிகளை இறுக்கியது என்பதில் ஐயமில்லை. 2001-இல் வியன்னாவிற் கூடிய பன்னாட்டு மாநாடு, நாட்கணக்கை விடுத்துப் படிக்கணக்கை முன்வைத்தது. ஓய்வு, இலேசான உடற்பயிற்சி, ஆட்டத்திற்குரிய பயிற்சி, மோதலற்ற பயிற்சி, மோதலுடன் கூடிய பயிற்சி, ஆட்டம் என்பன அப்படிகள். ஒரு படியில் அறிகுறி தோன்றினால் முந்திய படிக்கு இறங்க வேண்டும். 2008-இல் சூரிச்சில் கூடியோர் அடிபட்ட நாளிலேயே மீளுதலைப் பொதுவாக விலக்கினும், வயதுவந்தோர்க்குச் சில சூழல்களில் இடம் விட்டிருந்தனர். 2012-இல் அதே நகரிற் கூடியோர் அவ்விலக்கையும் நீக்கினர்.

எஞ்சியது காலச் சிக்கல். ரக்பியில் 2012-இல் களவோரச் சோதனைக்கு ஐந்து நிமிடம் வகுத்தபோது, அவ்வளவு சிறு பொழுதில் மூளையை அறிதல் ஒண்ணாது என்று மருத்துவருள் எதிர்ப்பு எழுந்தது. பின்னர் அது பத்து நிமிடமாயிற்று. ஆயின் அறிகுறிகளோ சிலரிடம் பல மணி நேரங் கழித்தே வெளிப்படுகின்றன.

2019 ஆகஸ்டில் இலார்ட்ஸ் திடலில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. 80 ஓட்டங்கள் எடுத்திருந்த ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பந்து தாக்கிற்று. வெளியேறிச் சோதனைக்குட்பட்டுத் தேறிய அவர், ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் மீண்டு வந்து 92 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். மறுநாட் காலையில் அறிகுறிகள் தோன்றின, அவர் விலக்கப்பட்டார். அம்மாதம் முதல் நாளிலிருந்துதான் பன்னாட்டுக் கிரிக்கெட்டில் மூளையதிர்ச்சிக்கு மாற்று வீரர் ஏற்பாடு நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்படி டெஸ்ட் ஆட்டத்தில் முதன்முதலாக மாற்றாகப் புகுந்தவர் மார்னஸ் லபுஷேன். அவரும் ஆர்ச்சரின் பந்தினால் தலைக்கவசத்தில் அடியுண்டார். எழுந்து ஆடி 59 ஓட்டங்கள் எடுத்தார்.

முதல்நாட் சோதனையை நடத்தியவரைக் குறை கூறல் முறையன்று. அவர் கண்டது அந்நேரத்து மூளையை. மறுநாட் காலையில் வெளிப்பட்டது அப்பொழுது புலப்படவில்லை. ஆயின் தேறியவர் மீண்டும் ஆடலாம் என்ற விதி, தேறுதல் என்பது ஒரு கணத்தின் செய்தி என்பதை மறந்து வகுக்கப்பட்டது என்றே நாம் கருதுகின்றோம். ஸ்மித் அடுத்து லீட்ஸ் நகரில் நடந்த ஆட்டத்திலும் சேர்க்கப்படவில்லை. அவ்வாட்டத்தில் ஆஸ்திரேலியா ஒரே விக்கெட் வேறுபாட்டில் தோற்றது. செப்டம்பரில் மான்செஸ்டரில்தான் அவர் டெஸ்ட் களம் மீண்டார். முதல் இன்னிங்சில் 211 ஓட்டங்கள் எடுத்தார்.